அப்பத்தாவுக்குக் கண் மங்கிருச்சு, ஆனா இல்லாத ஆளுங்க தெரியிறாங்க. யாருக்காச்சும் இதுபத்தித் தெரியுமா?

தேவகோட்டையான் | செவ்வாய், இரவு 10.42

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போறவன், எழுதுறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

அப்பத்தாவுக்கு 84 வயசு. ரெண்டு கண்ணுலயும் மேக்குலர் டிஜெனரேஷன், அதாவது விழித்திரையோட நடுப்பகுதி கெட்டுப்போற நோய். வலது கண்ணு போய் நாலு வருஷமாச்சு. இடது கண்ணுல ஊசியெல்லாம் போட்டும் போன தீபாவளிக்குப் பெறகு நடுப்பார்வை அறவே இல்லை. ஓரப்பார்வையை வச்சு வீட்டுக்குள்ள நடமாடும். எதிர்ல நிக்கிறது யாருன்னு குரலை வச்சுத்தான் கண்டுபிடிக்கும். மத்தபடி புத்தி பளிச்சுனு இருக்கு. பால்காரர் கணக்குல எட்டு ரூபா கூட வந்தா இன்னைக்கும் அதுதான் கண்டுபிடிக்குது.

அஞ்சு வாரத்துக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் பட்டாசாலையில உக்காந்திருந்த அப்பத்தா என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "ஏத்தா, இதெல்லாம் யாரு வீட்டுப் பிள்ளைக? விளக்கு வச்ச நேரத்துல இப்படி வரிசையா நிக்குதுக?"ன்னு கேட்டிருக்கு. அங்க ஒரு ஈ காக்கா கிடையாது. முழங்கை ஒசரம்தானாம். எல்லாம் பொம்பளப் பிள்ளைக, பச்சைப் பாவாடை, தலையில என்னமோ ஜோடனை. மறுநாள் சுவரு பூரா சிக்குக்கோலம் ஓடுதுன்னு சொல்லுச்சு.

அத்தை வந்து கயிறு மந்திரிச்சுக் கட்டிட்டாங்க. சித்தப்பா, "வயசாச்சுல்ல, மூளை கலங்குது"ன்னு முடிச்சுட்டாரு. டவுன்ல ஒரு டாக்டர்ட்ட காட்டினோம், ரெண்டு நிமிஷம்கூடக் கேக்காம ஒரு மாத்திரை எழுதினாரு. அதைப் போட்டா அப்பத்தா பகலெல்லாம் தூங்கி வழியுதே தவிர, பிள்ளைக வர்றது நிக்கலை.

இப்பல்லாம் அப்பத்தா இதைப்பத்தி வாயே திறக்கிறதில்லை. சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கிறப்ப பக்கத்துல போயி, "வந்துட்டாகளா?"ன்னு மெதுவாக் கேட்டா மட்டும் தலையாட்டும். எனக்கு அதுதான் தாங்கலை. இது என்ன நோய்? யாராச்சும் பாத்திருக்கீங்களா?


மலைக்கோட்டை மணி | செவ்வாய், இரவு 11.05

முதல்ல யூரின் டெஸ்ட் எடுங்க, சோடியமும் பாருங்க. என் மாமியார் மூணு நாளா செத்துப்போன அண்ணன்கூடப் பேசிட்டு இருந்தாங்க. கடைசியில பாத்தா சிறுநீர்த் தொற்று. மருந்து குடுத்ததும் தெளிஞ்சுட்டாங்க. வயசானவங்களுக்கு இது ரொம்ப சகஜம்.


வெள்ளிக்கிழமை விரதம் | செவ்வாய், இரவு 11.31

எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டீங்களா? ஏழுன்னா அது கன்னிமார்தான். பச்சைப் பாவாடைன்னு வேற சொல்றீங்க. குலதெய்வத்துக்கு ஏதாச்சும் பாக்கி இருக்கான்னு பாருங்க. தப்பா எடுத்துக்காதீங்க.


தேவகோட்டையான் | புதன், காலை 6.20

@வெள்ளிக்கிழமை விரதம்: தப்பா எடுக்கலைங்க. அத்தையும் அதேதான் கேட்டாங்க. சில நாள் நாலு, சில நாள் பதினஞ்சு. கணக்கு நிக்க மாட்டேங்குது.

@மணி அண்ணே: நன்றி, இன்னைக்கே எடுத்துடறோம்.


கண்ணாடிக்காரி | புதன், காலை 8.15

மதுரையில் ஆப்டோமெட்ரிஸ்டாக (பார்வையைப் பரிசோதிப்பவராக) இருக்கிறேன், பதினாலு வருஷம். உங்கள் பதிவைப் படித்ததும் ஒன்று தோன்றியது. ஆனால் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். முதலில் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளைகள் பேசுமா, சத்தம் வருமா, வாசனை எதுவும் உண்டா? அப்பத்தா கண்ணை மூடினால் போய்விடுமா? அவை நிஜமில்லை என்று அவருக்கே தெரியுமா? கை நடுக்கம், நடையில் மாற்றம், சில நாள் தெளிவு சில நாள் குழப்பம் என்று ஏதாவது? புதிதாக மருந்து எதுவும் தொடங்கினீர்களா? வெளிச்சம் குறைந்த நேரத்தில் அதிகமாக வருகிறதா?


தேவகோட்டையான் | புதன், மதியம் 1.50

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயி அப்பத்தாட்டயே கேட்டேன். தனியா, அத்தை இல்லாத நேரத்துல.

சத்தமே கிடையாதாம். "ஊமைப்படம் மாதிரி"ன்னு சொல்லுச்சு. வாசனையும் இல்லை. கண்ணை இறுக்கி மூடினா போயிரும், தொறந்தா சில சமயம் திரும்ப வரும். சாயங்காலமும் மப்பா இருக்கிற நாள்லயும்தான் அதிகம். நடுக்கம், குழப்பம் எதுவும் இல்லை. மருந்தெல்லாம் பழைய பிரஷர் மாத்திரைதான், அந்த டாக்டர் குடுத்ததைத் தவிர.

நிஜமில்லைன்னு தெரியுமான்னு கேட்டேன். சிரிச்சுட்டு, "தெரியாமலா? மொத நாள் கையை நீட்டித் தொட்டுப் பாத்தேன், காத்துதான். அந்தப் பாவாடையில கசவு நூல் நூலாத் தெரியுதுடா. உன் மூஞ்சியே எனக்குத் தெரியலை, இதுக பாவாடைக் கசவு மட்டும் எப்படித் தெரியும்?"னு திருப்பிக் கேக்குது.


கண்ணாடிக்காரி | புதன், மாலை 4.35

அப்பத்தா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். கண்ணால் பார்ப்பது மங்கல், கண்ணால் பார்க்காதது மட்டும் துல்லியம். இதைக் கேட்டால் எங்கள் துறைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு பெயர்: சார்ல்ஸ் பொன்னே சிண்ட்ரோம்.

பொன்னே ஜெனீவாவில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர். அவருடைய தாத்தா சார்ல்ஸ் லுலான் தொண்ணூறை நெருங்கிய வயதில், இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்தும் பார்வை குறைந்துகொண்டே போன நிலையில், ஆண்கள், பெண்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் தெரிகின்றன என்றார். நினைவு, பேச்சு, புத்தி எதிலும் குறையில்லை. அவையெல்லாம் நிஜமில்லை என்று தாத்தாவுக்கே தெரிந்திருந்தது. பேரன் அதை 1760இல் எழுதி வைத்தார். பேய் பிடித்தது என்று சொல்லாமல், மூளையில் பார்வைக்குரிய பகுதி தானாக வேலை செய்கிறது என்று அந்தக் காலத்திலேயே எழுதினார்.

பார்வை பாதி போனவர்களிடம் இது அபூர்வம் இல்லை. அபூர்வம் மாதிரித் தெரியக் காரணம், யாரும் வெளியே சொல்வதில்லை. நான் இப்போது மேக்குலா கேஸ் வந்தால் நானே பேச்சை எடுப்பேன்: "சில பேருக்கு இல்லாத பூ, ஆளு, கட்டம் எல்லாம் தெரியும், உங்களுக்கு அப்படி உண்டாம்மா?" என்று. ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். எட்டு மாதமாக வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தாராம், "பைத்தியம்னு சொல்லி எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுருவாங்கன்னு".

ஆனால் கவனம்: நான் டாக்டர் இல்லை, இங்கே எழுதுவது நோய்க்கணிப்பும் இல்லை. மணி சொன்ன டெஸ்ட் எடுங்கள். லூயி பாடி என்கிற மறதிநோய் வகையிலும் பார்கின்சனிலும்கூட உருவங்கள் தெரியும், அதனால் நரம்பியல் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும். அந்தத் தூக்க மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், அதையும் அவரிடமே கேளுங்கள்.


பிக்ஸல் பாண்டி | புதன், மாலை 5.10

ஒரு டவுட்டு. கேமரா உடைஞ்சா ஸ்க்ரீன்ல கறுப்புதானே வரணும்? லென்ஸ் போச்சு, சென்சார் போச்சு, ஆனா வீடியோ மட்டும் ஓடுதுன்னா எப்படிங்க? சாட்ஜிபிடி மாதிரி மூளை சும்மா அள்ளி விடுதா?


தலையாரி | புதன், இரவு 9.02

பாண்டி, நீங்கள் கிண்டலாகச் சொன்னாலும் கேள்வி சரியான கேள்வி. நான் ஓய்வுபெற்ற உடலியல் ஆசிரியன். முப்பது வருஷம் மருத்துவ மாணவர்களுக்கு "கண் ஒரு கேமரா" என்று பலகையில் படம் போட்டே ஆரம்பித்திருக்கிறேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக இது.

விழித்திரையில் ஒளியை உணரும் கோல் செல்கள் சுமார் 12 கோடி, கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் இழைகள் சுமார் பத்து லட்சம்தான். அதாவது படம் அப்படியே அனுப்பப்படுவதில்லை. எங்கே விளிம்பு, எங்கே மாற்றம், எது அசைகிறது என்று கண்ணே சுருக்கி, சுருக்கத்தை மட்டும் அனுப்புகிறது. அந்தச் சுருக்கத்திலும் கூர்மையான பகுதி ரொம்பச் சின்னது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள், அந்த நகத்தின் அகலத்துக்குத்தான் முழுக்கூர்மை. நம்பிக்கை வரவில்லையென்றால் செய்தித்தாளில் ஏதாவது ஒரு எழுத்தை முறைத்துப் பாருங்கள். கண்ணை நகர்த்தாமல் நாலைந்து வார்த்தை தள்ளி இருப்பதைப் படிக்க முடிகிறதா? முடியாது. ஆனால் தாள் முழுக்கத் தெளிவாக இருக்கிற மாதிரிதான் உங்களுக்குப் படும்.

அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது? கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவிப் பொறுக்குகிறது. தாவுகிற அந்த இடைவெளியில் வரும் கலங்கலை மூளை கணக்கில் எடுப்பதில்லை. கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் நகர்வதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

இன்னொன்று. கண்ணிலிருந்து வரும் செய்தி மூளையின் நடுவே தலாமஸ் என்ற இடத்தில் ஒரு நிறுத்தத்தில் நின்று போகிறது. விலங்குகளில் எண்ணிப் பார்த்தபோது, அந்த நிறுத்தத்தில் வந்து சேரும் இணைப்புகளில் கண்ணிலிருந்து வருபவை பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. மூளையின் மேற்பகுதியிலிருந்து கீழ்நோக்கி வருபவை அதைவிடப் பல மடங்கு. வாசலில் நிற்கும் காவலாளிக்குத் தெருவிலிருந்து வரும் தகவலைவிட, உள்ளே இருந்து "இன்னார் வருவார், பார்த்துக்கொள்" என்று வரும் தகவல் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மூளை திரை இல்லை. எந்நேரமும் தானாகவே படம் வரைந்துகொண்டிருக்கிற ஆள். கண் அவரது தோள்பக்கம் நின்று "அங்கே இல்லை, இங்கே" என்று திருத்திக்கொண்டே இருக்கிறது. அப்பத்தாவுக்குத் திருத்துகிறவர் பாதி நேரம் வேலைக்கு வருவதில்லை. வரைகிறவர் நிறுத்தவில்லை.


பிக்ஸல் பாண்டி | புதன், இரவு 9.20

சார், கண்ணாடி முன்னாடி நின்னு பத்து நிமிஷமா முழிச்சுட்டு இருக்கேன். என் கண்ணு நகர்றது எனக்கே தெரியல. போனோட செல்ஃபி கேமராவுல வீடியோ எடுத்துப் பாத்தா நல்லா நகருது. பக்குனு இருக்கு.


தலையாரி | புதன், இரவு 9.34

அப்படியென்றால் இதையும் செய்யுங்கள், தூக்கம் போகட்டும்.

வெள்ளைத்தாளில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதற்கு வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பாருங்கள். தாளை 30 செ.மீ. தூரத்தில் வைத்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் புள்ளி காணாமல் போகும். நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் அது, அங்கே ஒளி உணரும் செல் ஒன்றுகூடக் கிடையாது. 1660களில் மாரியோட் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது.

புள்ளி மறைவது பெரிய விஷயமில்லை. மறைந்த இடத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஓட்டை தெரியாது, வெள்ளைத்தாள் தெரியும். அடுத்து, புள்ளி வழியாக மேலிருந்து கீழ் ஒரு கோடு போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.


கொங்கு கவுண்டமணி | புதன், இரவு 10.11

எனக்கு ஒண்ணும் மறையலீங்க. சும்மா கதை.


தலையாரி | புதன், இரவு 10.14

புள்ளியை ஓரக்கண்ணால் பார்க்க முயல்கிறீர்கள். குறியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.


கொங்கு கவுண்டமணி | புதன், இரவு 10.22

அட ஆமாங்க! புள்ளியக் காணோம், கோடு மட்டும் அறுபடாம முழுசா ஓடுது. அந்த இடத்துல எனக்குக் கண்ணே இல்லீன்னா அந்தக் கோட்டப் போட்டது யாருங்க?

பி.கு.: இதே டெக்னிக்ல எங்க டீம் லீடர் தலைய ஜூம் காலில் மறைய வச்சுட்டேன். காலம் பூரா உங்களுக்குக் கடன்பட்டிருக்கேன்.


ஸ்காபரோ வாசி | வியாழன், அதிகாலை 3.40

இங்க கனடாவில இருந்து எழுதுறன். பார்வை பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. ஆனால் இந்தத் திருத்துற ஆள், வரையிற ஆள் கதையை வாசிச்ச உடன என்ர அண்ணா ஞாபகத்துக்கு வந்திட்டார்.

அண்ணாவுக்கு மிதிவெடியில வலக்கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. முப்பது வருசத்துக்கு மேல ஆகுது. இண்டைக்கும் இரவில எழும்பி, "டேய், பெருவிரல் கடிக்குதடா" எண்டு சொல்லுவார். இல்லாத விரல். எங்க சொறியிறது? சின்ன வயசில நாங்கள் சிரிச்சிருக்கிறம், இப்ப நினைச்சால் வெட்கமாய்க் கிடக்கு.

எனக்கும் ஒண்டு இருக்கு. ஷெல் விழுந்த நாளில இருந்து வலக்காது பாதிதான் கேக்கும், ஆனால் அந்தக் காதுக்குள்ள ராப்பகலாய் வண்டு இரையிற சத்தம். காது செத்துப்போச்சு எண்டால் சத்தமும் செத்துத்தானே போகவேணும்?


பிக்ஸல் பாண்டி | வியாழன், காலை 9.05

பெருவிரல் "கடிக்குது"ன்னா எது கடிக்குது ப்ரோ?


ஸ்காபரோ வாசி | வியாழன், காலை 9.11

ஓ, மன்னிக்கோணும். எங்கட பேச்சில கடி எண்டால் அரிப்பு.


தலையாரி | வியாழன், காலை 10.30

ஸ்காபரோ வாசி, உங்கள் அண்ணாவும் நீங்களும் அப்பத்தாவும் ஒரே வரிசையில் நிற்கிறீர்கள்.

காது முதலில். உள்காதில் ஒலியை உணரும் முடிச்செல்கள் ஒரு காதுக்கு சுமார் 15,000தான். வெடிச்சத்தத்தில் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. சில சுருதிகள் வருவது நின்றுபோக, மூளை ஒலியளவைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறது. வானொலியில் நிலையம் கிடைக்காதபோது சத்தத்தை ஏற்றினால் இரைச்சல் கேட்குமே, அந்த மாதிரி என்றுதான் இன்றைக்குப் பலர் விளக்குகிறார்கள்.

கால் விஷயத்தில் நம்ம ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவின் சான் டியேகோவில் வேலை பார்த்த வி.எஸ். ராமச்சந்திரன். கை இழந்த ஒருவரின் கண்ணைக் கட்டி, கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டபோது, இல்லாத கையின் விரல்களைத் தொடுவதாக அவர் சொன்னார். மூளையில் தோலுக்கு ஒரு வரைபடம் இருக்கிறது, அதில் கைக்கு அடுத்த வீடு முகம். கையிலிருந்து தபால் வருவது நின்றதும் பக்கத்து வீட்டுத் தபால் அங்கே போய் விழுகிறது.

பிறகு 1990களில் ஒரு சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடியை நட்டக்குத்தலாக வைத்து, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். இறுகிப்போன இல்லாத கை விரிகிற மாதிரித் தெரிந்ததும் சிலருக்கு வலி இறங்கியது. கால் இழந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் செய்த சோதனை 2007இல் வெளிவந்தது. நாலு வாரத்தில், கண்ணாடி பார்த்துப் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. ஆறு பேர்தான், சின்ன ஆய்வு. எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கண்ணாடியின் விலைதானே. அண்ணாவின் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுப் பாருங்கள்.


சும்மா இரு | வியாழன், மதியம் 12.15

இதையெல்லாம் நம்ம ஆட்கள் எப்பவோ சொல்லிட்டாங்க. கயிறு பாம்பாத் தெரியுது. உலகமே மாயை. மேல்நாட்டான் இப்பத்தான் கண்டுபிடிக்கிறான்.


தலையாரி | வியாழன், மதியம் 12.48

ஐயா, கயிற்றரவு அருமையான உவமை, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு போய்விடும். அறிவு வந்தது, மயக்கம் தெளிந்தது. அப்பத்தாவுக்கு அப்படி இல்லையே. அவருக்கு முதல் நாளே தெரியும், கையை நீட்டித் தொட்டும் பார்த்துவிட்டார், இருந்தும் பிள்ளைகள் நிற்கிறார்கள். "தெரியும்" என்பது ஒரு இடத்தில் நடக்கிறது, "தெரிகிறது" என்பது வேறு இடத்தில் நடக்கிறது. முதல் இடம் சொல்வதை இரண்டாவது இடம் கேட்பதில்லை.

நமக்கும் அதே கதைதான். அடிவானத்தில் பௌர்ணமி நிலா தாம்பாளம் மாதிரி இருக்கும், உச்சிக்குப் போனதும் சிறுத்துவிடும். இரண்டு நேரமும் கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துப் பாருங்கள், ஒரே அளவு, சுமார் அரை டிகிரி. இதை நாற்பது வருஷமாக அறிந்தவன் நான். எனக்கு இன்னும் அடிவானத்து நிலா பெரிசாகத்தான் தெரிகிறது.

மாயை என்றும் சொல்ல மாட்டேன். லாரி வந்தால் நீங்களும் ஒதுங்குவீர்கள், நானும் ஒதுங்குவேன். வரைகிறவர் பெரும்பாலும் சரியாகத்தான் வரைகிறார், திருத்துகிறவர் பக்கத்தில் நிற்கும்வரை.


தேவகோட்டையான் | வியாழன், இரவு 8.40

எல்லாத்தையும் அப்பத்தாவுக்குப் படிச்சுக் காமிச்சேன். தாத்தா லுலான் கதையில, "எந்த ஊரு சொன்ன? அவுகளுக்கும் வந்துச்சா?"ன்னு ரெண்டு தடவை கேட்டுச்சு.

ஒரு கேள்வி. ஏன் பிள்ளைக? ஏன் கோலம்? அப்பத்தா மனசுல ஏதாச்சும் ஏக்கம் இருக்குமோன்னு வீட்டுக்காரி கேக்குறா. அப்பத்தாவுக்கு ஒரு பொண்ணு சின்ன வயசுல தவறிருச்சு.


கண்ணாடிக்காரி | வியாழன், இரவு 9.55

அந்த வழியில் போகாதீர்கள், வீணாக மனசு கஷ்டப்படும். இந்த நிலையில் தெரியும் முகங்கள் பெரும்பாலும் முன்பின் அறியாத முகங்கள். செத்துப்போன சொந்தக்காரர்கள் வருவது குறைவு. குட்டி குட்டி ஆட்கள், விநோத உடுப்பு, தலையில் தொப்பி அல்லது அலங்காரம் என்று ஐரோப்பாவிலும் நோயாளிகள் இதையேதான் சொல்கிறார்கள். கட்டம், வலை, செங்கல் சுவர், கிளைவிடும் மரம் இதெல்லாம்தான் ரொம்பப் பொதுவாகத் தெரிபவை. அங்கே வேலி என்று சொல்வதை அப்பத்தா கோலம் என்று சொல்கிறார் என்பது என் ஊகம். எண்பது வருஷம் வாசலில் கோலம் போட்டவர், வேறென்ன சொல்வார்?

1998இல் லண்டனில் டொமினிக் ஃபிட்ச் குழு இப்படிப்பட்டவர்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, உருவம் வந்தால் சைகை காட்டச் சொன்னது. வண்ணம் தெரிந்தவருக்கு மூளையில் வண்ணத்துக்குரிய பகுதி, முகம் தெரிந்தவருக்கு முகத்துக்குரிய பகுதி. வெளியே எதையாவது நிஜமாகப் பார்த்தால் எந்த இடம் வேலை செய்யுமோ அதே இடம். அதனால்தான் கசவு அவ்வளவு துல்லியம்: அது கற்பனை செய்வது மாதிரி இல்லை, பார்ப்பது மாதிரி.

நல்ல கண் உள்ளவர்களுக்கும் வரும். பாஸ்டனில் 13 பேருக்கு அஞ்சு நாள் கண்ணை முழுசாகக் கட்டிவைத்தார்கள். பத்து பேருக்கு ஏதேதோ தெரிந்திருக்கிறது, முகங்கள், கட்டடங்கள், சூரியன் இறங்குகிற காட்சி என்று. 2004இல் வெளியானது. அஞ்சு நாள் போதும்!


மலைக்கோட்டை மணி | வியாழன், இரவு 10.20

அப்ப தலைகீழாக் கேக்குறேன். பிறவியிலேயே பார்வை இல்லாம இருந்து, பிறகு ஆபரேஷன்ல கண்ணு வந்தா? திருத்துறவர் திடீர்னு வேலைக்கு வர்றாரு, வரையிறவருக்குப் பழக்கமே இல்லையே?


தலையாரி | வெள்ளி, காலை 7.15

மணி, இதே கேள்வியை 1688இல் வில்லியம் மாலினோ என்ற ஐரிஷ்காரர் தத்துவவாதி ஜான் லாக்குக்குக் கடிதமாக எழுதினார். தொட்டுத் தொட்டே உருண்டையையும் கனசதுரத்தையும் அறிந்த பிறவிக் குருடர் ஒருவருக்குப் பார்வை வந்தால், தொடாமல் பார்த்து மட்டும் எது எது என்று சொல்வாரா?

மூன்று நூற்றாண்டு வாதம் செய்தார்கள். பதில் வந்தது டெல்லியிலிருந்து. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹா நடத்தும் புராஜெக்ட் பிரகாஷ், பிறவிப் புரையால் பார்வை இழந்த ஏழைப் பிள்ளைகளுக்கு அறுவை செய்து பார்வை கொடுக்கிறது, கூடவே ஆய்வும் நடக்கிறது. 8 முதல் 17 வயதுவரை ஐந்து பிள்ளைகள். கட்டு அவிழ்த்த ஒன்றிரண்டு நாளில் சோதனை. பார்த்ததைப் பார்த்ததோடு பொருத்தினார்கள், தொட்டதைத் தொட்டதோடு பொருத்தினார்கள். தொட்டதைப் பார்த்து அடையாளம் காட்டச் சொன்னால் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல். ஆனால் சில நாட்களிலேயே கற்றுக்கொண்டார்கள். 2011இல் வெளியானது. கண் திறந்தது ஒரு நாளில், பார்வை வந்தது அதற்குப் பிறகு.


வெள்ளிக்கிழமை விரதம் | வெள்ளி, காலை 8.02

நான் கன்னிமார்னு சொன்னது தப்புதான்னு இப்பத் தெரியுது. ஆனா ஒண்ணு. எங்க ஊர்ல ஒரு கிழவிக்குக் கண்ணு போனப்புறம் "சாமி காட்சி குடுக்குது"ன்னு சொல்லி எல்லாரும் அவங்க கையால திருநீறு வாங்குவோம். அந்தக் கிழவி கடைசிவரை சந்தோஷமா இருந்துச்சு. உங்க அத்தையைத் திட்டாதீங்க.


கண்ணாடிக்காரி | வெள்ளி, காலை 8.30

இதை நானும் ஒத்துக்கொள்கிறேன். தூக்க மாத்திரையைவிடத் திருநீறு தேவலை.


தேவகோட்டையான் | அடுத்த வியாழன், இரவு 9.48

தாமதத்துக்கு மன்னிக்கணும். மதுரையில நரம்பு டாக்டரையும் கண் டாக்டரையும் பாத்துட்டு வந்துட்டோம். யூரின், சோடியம் எல்லாம் சரியா இருக்கு. மறதி டெஸ்ட்ல அப்பத்தா முப்பதுக்கு இருபத்தெட்டு. ரெண்டு மார்க் எங்க போச்சுன்னு கேட்டு அந்த டாக்டரை விடலை. பொன்னே சிண்ட்ரோம்தான்னு சொன்னாங்க. அந்த மாத்திரையைப் படிப்படியா நிறுத்தச் சொல்லிட்டாங்க. பலருக்கு ஒண்ணு ஒன்றரை வருஷத்துல குறையுமாம், சிலருக்கு ரொம்ப நாள் நீளுமாம், உறுதி சொல்ல முடியாதுன்னாங்க.

பட்டாசாலையில குண்டு பல்பை மாத்தி நல்ல வெளிச்சமா எல்.ஈ.டி. போட்டாச்சு. பிள்ளைக வந்தா தலையை ஆட்டாம கண்ணை மட்டும் இடம் வலம் அரை நிமிஷம் ஓட்டச் சொன்னாங்க. பாதி தடவை போயிருதாம். மீதி தடவை, "இருந்துட்டுப் போகுதுக"ன்னு விட்டுருது. அத்தை கயிறு கையிலயே இருக்கு, அவுக்கலை.

இப்ப யாரு வீட்டுக்கு வந்தாலும் அப்பத்தாவே சொல்லுது, "எனக்கு ஒரு வெள்ளைக்காரச் சீக்கு"ன்னு.


பிக்ஸல் பாண்டி | அடுத்த வியாழன், இரவு 10.03

செம! அப்பத்தாட்ட ஒண்ணு கேளுங்க ப்ரோ. அந்தச் சிக்குக்கோலம் எத்தனை புள்ளி?


தேவகோட்டையான் | வெள்ளி, காலை 6.35

கேட்டேன். சுவத்தையே பாத்துக்கிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சு, ஆறு ஏழு வரைக்கும் போயி நிறுத்திருச்சு. "எந்தப் புள்ளியைப் பாக்குறனோ அந்தப் புள்ளி கூடவே நகருதுடா, எண்ண விடமாட்டேங்குது"ன்னு சலிச்சுக்கிட்டு, பேத்தியைக் கூப்பிட்டு வாசல்ல பதினஞ்சு புள்ளி, இடைப்புள்ளி எட்டு வரைக்கும் வைக்கச் சொல்லுச்சு.